இந்த வாட்ச்சை யார் செய்தார்கள்? கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் எங்கள் கடை இரண்டு தலைமுறையாக வாட்ச் பழுதுபார்க்கிறது. கொஞ்சம் விற்கவும் செய்கிறது. அப்பா காலத்தில் வாடிக்கையாளர்கள் வாரண்டி எத்தனை மாதம் என்று மட்டும் கேட்பார்கள். இப்போது கல்லூரி மாணவிகள் சிலர், "இதைச் செய்தவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தார்களா அண்ணா?" என்று கேட்கிறார்கள். முதல்முறை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் வந்தது. அதன் பிறகு படிக்கத் தொடங்கினேன். அப்படிச் சேர்ந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. பின்மூடியைத் திறந்து பார்த்தே பழகியவன். அந்தப் பார்வைதான் இதிலும் இருக்கும்.

ஒரு வாட்ச்சை ஒரே கம்பெனிதானே செய்கிறது?

பெரும்பாலும் இல்லை. போன வாரம் 1,800 ரூபாய் வாட்ச் ஒன்று செல் மாற்ற வந்தது. டயலில் ஒரு பிராண்டின் பெயர். திறந்தால் உள்ளே இருக்கும் மிஷின் வேறு ஒரு கம்பெனியுடையது. செல்லின் முதுகில் இன்னொரு பெயர். முள், கண்ணாடி, சாவி, கேஸ், ஸ்ட்ராப், பக்கிள் எதிலும் பெயரே கிடையாது. ஆறு மணிக் குறிக்குக் கீழே, லென்ஸ் வைத்தால்தான் தெரியும் எழுத்தில் 'ஜப்பான் மூவ்ட்' என்று இருந்தது. வாங்கியவர் அதை 'ஜப்பானில் செய்தது' என்று படித்திருக்கிறார். உள்ளே துடிக்கிற மிஷின் மட்டும் ஜப்பான் கம்பெனியுடையது என்பதே அதன் பொருள். மற்ற பாகங்கள் எங்கே, யார் கையில் உருவாயின என்பதை அந்த வாட்ச் சொல்லாது.

பல பிராண்டுகள் வடிவமைப்பையும் விற்பனையையும் மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டு, தயாரிப்பை வெளியே கொடுக்கின்றன. வெளியே எடுத்தவர் டயலுக்கு ஒருவரிடமும் முலாமுக்கு இன்னொருவரிடமும் போவார். பிராண்டின் தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்கே மூன்றாவது படிக்குக் கீழே யார் இருக்கிறார் என்று தெரியாமல் போவது உண்டு. நீங்கள் கேட்கிற கேள்விக்கு நேரான பதில் கிடைக்காததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

'ஸ்விஸ் மேட்' என்று இருந்தால் தொழிலாளர் நலனுக்கும் அது உத்தரவாதம்தானே?

இந்த நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

'ஸ்விஸ் மேட்' என்பது பிறந்த இடத்தைச் சொல்லும் முத்திரை. 1971-இல் அந்நாட்டு அரசு இதற்கென விதி வகுத்தது. 2017 ஜனவரி 1 முதல் விதி இறுகியது: மிஷின் ஸ்விஸ் மிஷினாக இருக்க வேண்டும், அதைக் கேஸில் பொருத்துவதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும், உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டில் செலவாகியிருக்க வேண்டும்.

செலவில் 60 சதவீதம் என்கிறது விதி. பாகங்களின் எண்ணிக்கையை அது எண்ணுவதில்லை. ஸ்விட்சர்லாந்தில் கூலி அதிகம். ஜெனீவா மாநில மக்கள் 2020-இல் வாக்களித்துக் கொண்டுவந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23 பிராங்க். அப்படிப்பட்ட ஊரில் மிஷினும் பொருத்தும் கூலியும் சோதனையும் சேர்ந்தாலே செலவுக் கணக்கின் பெரும்பகுதி நிறைந்துவிடும். மீதி 40 சதவீதத்துக்குள், கூலி குறைந்த ஊரிலிருந்து கேஸ், டயல், முள், கண்ணாடி என்று கைநிறைய வாங்கலாம். விதி மீறல் எதுவும் இல்லை. அந்த 40 சதவீதத்தைச் செய்த கைகளைப் பற்றி முத்திரை வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்டுக்குள் வேலை செய்கிறவர்களின் நிலை பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும். 1937-இலேயே வாட்ச் முதலாளிகளும் தொழிற்சங்கமும் கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அந்த மரபு இன்றும் தொடர்கிறது. அதற்கு முன் ஜூரா மலையடிவார வாட்ச் தொழிலாளர்கள் சாமானியப்பட்டவர்களாக இருக்கவில்லை. 1872-இல் அரசே வேண்டாம் என்ற அராஜகவாதிகளின் சர்வதேச அமைப்பு கூடியதே செயின்ட் இமியர் என்ற வாட்ச் ஊரில்தான். நல்ல ஊதியம் மலைக்காற்றோடு வந்து சேர்ந்துவிடவில்லை.

வெளிநாட்டில் தங்கள் தொழிலால் நடக்கும் மனித உரிமை, சுற்றுச்சூழல் மீறல்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று ஸ்விஸ் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் முன்மொழிவு 2020 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஆதரித்தார்கள். மாநிலங்களின் பெரும்பான்மை கிடைக்காததால் தோற்றது. அதற்குப் பதிலாக 2022 முதல் குழந்தைத் தொழிலாளர், மோதல் பகுதிக் கனிமங்கள் ஆகிய இரண்டில் மட்டும் விசாரித்து அறிக்கை தரும் கடமை சில கம்பெனிகளுக்கு வந்திருக்கிறது.

விலை உயர்ந்த வாட்ச் என்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் அல்லவா?

விலையை வைத்து அப்படி முடிவுக்கு வர முடியாது. விலை ஏற ஏறத் தங்கமும் வைரமும் கூடவே வருகின்றன. அவை வரும் இடங்கள் சுலபமான இடங்கள் இல்லை. மனித உரிமைகளைக் கண்காணிக்கும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2018-இல் 13 நகை, வாட்ச் நிறுவனங்களின் கொள்முதலை ஆராய்ந்தது. முதல்தர மதிப்பீடு ஒன்றுக்கும் கிடைக்கவில்லை.

வைரத்துக்குக் கிம்பர்லி சான்று இருக்கிறதே என்று ஒருவர் வாதிட்டார். 2003-இல் தொடங்கிய அந்த ஏற்பாடு, கிளர்ச்சிப் படைகள் போருக்குப் பணம் திரட்ட விற்கும் பட்டை தீட்டாத வைரத்தைத் தடுப்பதற்காக உருவானது. சுரங்கத்தில் இறங்கியவருக்கு எவ்வளவு கூலி, சூரத்தில் பட்டை தீட்டியவருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் அதன் வரம்பில் இல்லை.

தங்கத்தில் சிலர் முன்னே வந்திருக்கிறார்கள். 2018 ஜூலை முதல் பொறுப்பான வழியில் வந்த தங்கத்தை மட்டுமே பயன்படுத்துவோம் என்று ஸ்விஸ் வாட்ச், நகை நிறுவனமான ஷோபார் அறிவித்தது. ரோலெக்ஸ் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம். பங்குச் சந்தையில் இல்லாததால், பங்குதாரர்களுக்குக் கணக்கு காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. சொல்கிறவர்களைத்தான் சரிபார்க்க முடியும். சொல்லாதவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லாதவர்களுக்குப் போய் நாம் ஏன் சான்றிதழ் எழுத வேண்டும்?

தாத்தாவின் பழைய 'ரேடியம்' வாட்ச் வீட்டில் இருக்கிறது. ஆபத்தா?

கேட்டது நல்லது. வாட்ச் தொழிலில் தொழிலாளர் பாதுகாப்பு என்ற பேச்சே இந்த ரேடியத்தில்தான் தொடங்குகிறது.

முதல் உலகப் போரின்போது இருட்டிலும் மணி தெரியும் வாட்ச்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. 1917 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆரஞ்ச் என்ற ஊரில், டயல் எண்களுக்கு ரேடியம் கலந்த சாயம் தீட்ட இளம்பெண்களை வேலைக்கு வைத்தார்கள். எண் சிறியது, தூரிகை நுனி ஊசிபோல் இருக்க வேண்டும். துணியில் துடைத்தால் சாயம் வீணாகும். அதனால் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உதட்டில் ஒரு முறை, டயலில் ஒரு முறை என்று நாள் முழுவதும். கெடுதல் ஒன்றுமில்லை என்று அந்தப் பெண்களிடம் சொன்னவர்கள், சோதனைக்கூடத்தில் அதே பொருளை இடுக்கியாலும் ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்தும் கையாண்டார்கள். சுண்ணாம்புச் சத்தைப் போலவே ரேடியமும் எலும்பில் போய்த் தங்கும். பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையர் உட்பட ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1928-இல் சமரசத்தில் முடிந்தது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒட்டாவா ஊரிலும் இதே கதை நடந்தது. அங்கே கேத்தரின் டோனஹியூ 1938-இல் வென்றபோது எழுந்து நிற்கக்கூட முடியாத நிலையில் இருந்தார். தொழில்வழி நோய்க்கு முதலாளி பொறுப்பு என்ற சட்டக் கருத்து அமெரிக்காவில் வலுப்பட இந்த வழக்குகள் முக்கியக் காரணம்.

இனி உங்கள் தாத்தாவின் வாட்ச்சுக்கு வருவோம். இருட்டில் இப்போது ஒளிரவில்லை, அதனால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளிர்வது கூடவே கலந்த துத்தநாகச் சேர்மம்; தேய்ந்து போனது அதுதான். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். கண்ணாடி உடையாமல், மூடியபடி அலமாரியில் இருந்தால் பதற வேண்டாம். திறக்காதீர்கள், டயலைச் சுரண்டாதீர்கள், குழந்தையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட டயலைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பவுடராக உதிர்வதை மூச்சில் இழுப்பது நானும் என் பையனும்தானே.

இன்றைய வாட்ச்களில் பெரும்பாலும் கதிர்வீச்சில்லாத பூச்சுதான். ஜப்பானில் 1990-களில் உருவான ஸ்ட்ரான்சியம் அலுமினேட் வகை. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விடும்.

எச்எம்டி, டைட்டன் போன்ற நம் நாட்டு வாட்ச்களின் நிலை?

எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையுடன் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. பொதுத்துறை என்பதால் நிரந்தர வேலை, குடியிருப்பு, சங்கம் எல்லாம் இருந்தன. அப்பாவின் மேசையில் பத்து வாட்ச் இருந்தால் ஏழு எச்எம்டியாக இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. வாட்ச் பிரிவை மூடும் முடிவு 2016-இல் வந்தது.

டைட்டன் நமக்கு இன்னும் நெருக்கம். 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது, ஆலை ஓசூரில். இன்றும் கால் பங்குக்கு மேல் டிட்கோவிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வரி கட்டுகிற உங்களுக்கும் அதில் ஒரு துளி உரிமை உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதே உரிமையில் கேள்வியும் கேட்கலாம். ஓசூர் ஆலை தொடக்கம் முதலே சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தது பலரும் அறிந்தது. மைராடா என்ற தொண்டு அமைப்பின் துணையுடன் ஓசூர்ப் பக்கத்துக் கிராமப் பெண்கள் 'மீடோ' என்ற தங்கள் சொந்த நிறுவனத்தை அமைத்து, டைட்டனுக்குப் பிரேஸ்லெட் கோர்ப்பது போன்ற வேலைகளைச் செய்தார்கள். வெளியே வேலை கொடுப்பது என்றாலே காண்டிராக்டர் கமிஷன் அடிப்பது என்று ஆகிவிட்ட காலத்தில், வேலை செய்கிறவர்களே பங்குதாரர்களாக இருந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த மாதிரி ஏற்பாட்டை மற்றவர்கள் ஏன் அதிகம் காப்பியடிக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

ரேடியம்தான் போய்விட்டதே. இன்றைய ஆலையில் என்ன ஆபத்து?

கண்ணுக்குத் தெரியாத சில. கேஸையும் பிரேஸ்லெட்டையும் மெருகேற்றும்போது பறக்கும் உலோகத் தூள். முலாம் தொட்டியின் நிக்கல், குரோமிய ஆவி. பாகங்களைக் கழுவும் கரைப்பான். நாள் முழுவதும் லென்ஸில் குனிந்து கண்ணும் கழுத்தும் படும் பாடு.

கரைப்பான் என்றதும் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சீனாவின் சூசோ நகரில் தொடுதிரை செய்யும் ஆலையில், கண்ணாடியைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதில் என்-ஹெக்ஸேனைப் பயன்படுத்தினார்கள். சீக்கிரம் காய்கிறது, ஒரு மணி நேரத்தில் கூடுதல் திரைகளைத் துடைக்கலாம், அதுதான் காரணம். காற்றோட்டம் போதவில்லை. கையும் காலும் மரத்துப்போய், நடக்க முடியாமல் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதை, அங்கே சரக்கு வாங்கிய ஆப்பிள் நிறுவனம் 2011-இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அது போன் திரைதான். ஆனாலும் கண்ணாடியைத் துடைக்கும் வேலை வாட்ச்சிலும் அதே வேலைதான்.

நிக்கலைப் பொறுத்தவரை வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு. மலிவு வாட்ச்சின் பின்மூடி பட்ட இடத்தில் அரிப்பு வருகிறதே, அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். தோலில் படும் பொருளிலிருந்து நிக்கல் எவ்வளவு கசியலாம் என்பதற்கு ஐரோப்பா வரம்பு வைத்திருக்கிறது: சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம். உங்கள் மணிக்கட்டுக்கே இந்தக் கவலை என்றால், அந்தத் தொட்டி அருகே தினமும் எட்டு மணி நேரம் நிற்பவரின் கையை நினைத்துப் பாருங்கள்.

தோல் ஸ்ட்ராப்பில் என்ன பிரச்சினை? மாட்டுத் தோல்தானே?

இந்த ஒரு விஷயத்துக்கு நாம் ஸ்விட்சர்லாந்து வரை போக வேண்டியதில்லை. பீச்சிலிருந்து தாம்பரம் மின்ரயிலில் ஏறினால் போதும். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தினமும் அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு. பல்லாவரம், நாகல்கேணி பக்கம் தோல் பதனிடும் ஆலைகள். மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. வியாபாரம் பேசி முடிப்பது பெரியமேட்டில்.

பச்சைத் தோலைக் குரோமிய உப்பில் ஊறவைத்தால் ஒரே நாளில் பதமாகும். முன்பு ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். அந்தப் பழைய முறைத் தோலுக்கு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்ற பெயரில் புவிசார் குறியீடு தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருக்கிறது. குரோமிய முறை வேகமானது, தோலும் மென்மையாக வரும். ஆனால் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, பல ஆண்டுகள் 'பாலாற்றுக்கு' என்பதுதான் பதிலாக இருந்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்த முக்கியத் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் பூட்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவலானது இந்த நெருக்கடிக்குப் பிறகுதான்.

சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலைக்குள் படுத்து உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தங்க இடமில்லாமல் வேலை செய்கிற இடத்திலேயே படுத்திருந்தார்கள். ஸ்ட்ராப்பின் தரம் பற்றிப் பேசும்போது 'தையல் நேராக இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கிற பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு கொஞ்சம் மாறியது.

மாற்று இல்லாமலும் இல்லை. அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தண்ணீர் ஊற்றாமலே குரோமியம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்து ஆலைகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஐரோப்பாவோ 2015 மே முதல், தோலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்கிறது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் வகை; முறை தவறினால் அது ஆறாக மாறும், புற்றுநோயோடு தொடர்புடையது அந்த ஆறுதான். ஏற்றுமதி ஸ்ட்ராப்புக்கு இந்தச் சோதனை நடக்கிறது. ஆகவே, 'ஏற்றுமதித் தரம்' என்று கடைக்காரர் சொன்னால் சோதனைத் தாளைக் கேளுங்கள்.

சைவ ஸ்ட்ராப் என்று விற்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். மாட்டுக்கு நல்லது, ஆற்றுக்கு நல்லதா என்பது தனிக்கதை. துணி ஸ்ட்ராப் எனக்குப் பிடிக்கும். சென்னை வியர்வைக்கும் அதுதான் தாங்கும்.

ஸ்மார்ட் வாட்ச்?

பேட்டரியில் கோபால்ட். உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அதில் ஒரு பகுதி கைக்கருவியால் தோண்டும் குழிகளிலிருந்து, குழந்தைகளும் இருக்கிற இடங்களிலிருந்து. உலையில் போய்க் கலந்த பிறகு எது எந்தக் குழியினுடையது என்று பிரிக்க முடியாது.

பொருத்தும் வேலைக்கு வந்தால் அது நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பேச்சு. அங்கே செய்வது பெரும்பாலும் போனும் மற்ற மின்னணுப் பொருள்களும்தான். ஆனால் ஆள் எடுக்கும் முறை ஒன்றுதான்: பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள், காண்டிராக்ட் நிறுவனம், விடுதி, கம்பெனி பஸ். 2021 டிசம்பரில் ஒரு போன் ஆலையின் விடுதியில் உணவு நஞ்சாகி, பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதி அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற கணக்கு வெளியே வந்தது. ஆலைக்குள் எல்லாம் பளிங்காக இருந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் ஆலையைத்தானே பார்க்கிறார்கள்.

இந்தப் பெண்களில் யாராவது படித்தால் உதவட்டும் என்று ஒன்றைச் சொல்கிறேன். 1981-இன் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. 'பயிற்சியாளர்' என்ற பெயரை நீட்டிக்கொண்டே போவதும், 480 நெருங்கும்போது அனுப்பிவிட்டு மறுபடி எடுப்பதும் இதிலிருந்து நழுவும் வழிகள். கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியம் என்பதும் சட்டமே. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுத்ததும் மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

சான்றிதழ் இருந்தால் நம்பலாமா?

பாதி. எஸ்ஏ 8000 என்ற தரம் 1997-இல் வந்தது. குழந்தைத் தொழில், கட்டாய வேலை, பாதுகாப்பு, சங்க உரிமை, வேலை நேரம், ஊதியம் எல்லாவற்றையும் தொடுகிறது. தாளில் அருமையான தரம். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது.

வாட்ச், நகைத் துறைக்கென்று 2005-இல் உருவான பொறுப்பான நகைக் கவுன்சில் இருக்கிறது. அதன் உறுப்பினர் என்பதைப் பல பிராண்டுகள் பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வைர நிறுவனத்தோடு உறவை முறிப்பதில் கவுன்சில் தடுமாறியதால், 2022-இல் பெரிய உறுப்பினர்கள் சிலரே வெளியேறினார்கள். சான்றிதழை நான் டிரைவிங் லைசென்ஸ் போலப் பார்க்கிறேன். இல்லாதவரை நம்ப முடியாது. இருப்பவர் ஒழுங்காக ஓட்டுவார் என்று அர்த்தமும் இல்லை.

சாதாரண ஆள் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் பெட்டி. இறக்குமதிச் சரக்கென்றால் எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன என்பது அச்சாகியிருக்க வேண்டும். இணையத்தில் விற்றாலும் நாட்டின் பெயரைக் காட்ட வேண்டும். இவை இல்லாத பெட்டியிடம் தொழிலாளர் நலன் பற்றிக் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது, பலருக்கும் தெரியாத ஒரு நல்ல ஆயுதம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் பட்டியலிட்ட இந்திய நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. ஆண்டறிக்கையோடு சேர்ந்து வரும், இலவசம். நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, மற்றவர் எத்தனை, குறைந்தபட்ச ஊதியம் மட்டும் வாங்குவோர் எவ்வளவு, ஆண் பெண் ஊதியத்தின் நடு அளவு, சங்கத்தில் இருப்போர் சதவீதம், விபத்து, புகார் எல்லாம் எண்ணாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது நிரந்தரமில்லாதவர்களின் எண்ணிக்கையை. அது ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்று. சரக்கு கொடுப்பவர்களின் ஆலையை ஆராய்ந்தார்களா என்ற கேள்வி அதில் விருப்பப் பகுதியில் இருக்கிறது. அதைக் காலியாக விடுகிறவர் யார், நிரப்புகிறவர் யார் என்று பார்ப்பதே ஒரு படிப்பு.

பர்மா பஜாரில் கிடைக்கும் டூப்ளிகேட்?

செய்தவர் பெயரே இல்லாத பொருளுக்குச் சம்பளப் பட்டியல் எங்கே இருக்கும்? விற்கிறவர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவரும் பிழைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

புதிது வாங்காமல் பழையதைப் பழுதுபார்ப்பது நல்லதா?

பழுதுபார்த்துப் பிழைக்கிறவனிடம் கேட்கிறீர்கள். நல்லதுதான். சாவி கொடுக்கிற வாட்ச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் போட்டால் உங்கள் பேரன் வரைக்கும் ஓடும். முட்டுக்கட்டை உதிரிபாகம்தான், பெரிய ஸ்விஸ் பிராண்டுகள் பலவும் அங்கீகரித்த மையங்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன. மலிவு ஸ்மார்ட் வாட்ச்சின் பேட்டரி உப்பிவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

ஷோரூமில் நிற்கிறவர்களும் இந்தக் கணக்கில் வருவார்களா?

வருவார்கள். தி.நகர்க் கடைகளில் பத்து மணி நேரம் நின்றே விற்றவர்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. அடுத்த முறை வாட்ச் பார்க்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருக்கும். அதன் மேல் பெட்டி அடுக்கியிருந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் கடையில் எப்படி?

எழும்பூர்ப் பக்கம் படிக்கிற ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். நியாயமான கேள்வி.

கடையில் என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிறார்; இன்னொருவன் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் ஈஎஸ்ஐ எங்களுக்குக் கட்டாயம் இல்லை. இருவருக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையை நான் கட்டுகிறேன். அதுவும் மூன்று ஆண்டுகளாகத்தான்.

அப்பா பாகங்களை ஒயிட் பெட்ரோலில்தான் கழுவுவார். மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், கையுறை கிடையாது, ஜன்னல் மூடியிருக்கும். காற்றடித்தால் ஹேர்ஸ்பிரிங் பறந்துவிடுமே. கடைசிக் காலத்தில் விரல் நுனி மரத்துப்போகிறது என்பார். சர்க்கரை என்றார் டாக்டர். அப்படியே இருக்கலாம். சூசோ ஆலையைப் பற்றிப் படித்த அன்று, ஒயிட் பெட்ரோலிலும் ஹெக்ஸேன் உண்டு என்பதையும் சேர்த்துப் படித்தேன். இப்போது கழுவும் மேசைக்கு மேல் எக்ஸாஸ்ட் விசிறி ஓடுகிறது, கையுறை டப்பாவும் இருக்கிறது. பையன் போட்டுக்கொள்கிறான். பெரியவர் மறுக்கிறார், கையுறை போட்டால் திருகு பேசுவது கேட்காது என்கிறார். அவரிடம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ராப் விஷயத்தில்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. சரக்கு கொடுப்பவரிடம் எந்த ஆலை, சோதனைத் தாள் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். "ஆம்பூர் சரக்கு சார், கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம்" என்றார். கீழ் இழுப்பறையில் கறுப்பில் மூன்று டஜன் இருக்கிறது. எங்கே செய்தது என்று நீங்கள் கேட்டால், 'பெரியமேட்டில் வாங்கினேன்' என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.